பாதாம் இலையில் முளைத்த முடி

எங்கள் பழைய அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கும் ஒரு பெண் போன மாதம் என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நிற்கும் இட்லிப்பூச் செடியின் இலைகளில் கறுப்புப் படை இருந்தது. கைபேசியை நீட்டிப் படம் எடுத்தாள். கைபேசி கொஞ்சம் யோசித்துவிட்டு, அது தூசி என்று சொன்னது. அவளும் தலையாட்டினாள். நுண்பூஞ்சைப் பிரிவில் சம்பளம் வாங்குகிறவள், கைபேசி சொன்னதற்குத் தலையாட்டுகிறாள். விரலால் ஒரு தேய்ப்பு தேய்த்துப் பார் என்றேன். தேய்த்தாள். போகவில்லை. அப்படியானால் தூசி இல்லையா மேடம் என்று கேட்டாள். நான் காபி போட எழுந்துவிட்டேன். பதில் சொல்லியிருந்தால் அவள் அதைக் குடிக்காமல் போயிருப்பாள்.

அவள் வந்தது அலுவலக மலருக்குக் கட்டுரை கேட்க. இப்போது இலையை உறையில் போட்டுக் கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு அனுப்பிவிடுகிறார்களாம். அங்கே இயந்திரம் மரபணுவைப் படித்து, இது இன்ன இனம் என்று சொல்லிவிடுமாம். அதற்கு முன்னால் நீங்கள் எல்லாம் எப்படித்தான் கண்டுபிடித்தீர்கள் என்று இளையவர்கள் கேட்கிறார்களாம். 'பசுமையான நினைவுகள்' என்று தலைப்பைக்கூட அவளே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். வேலை பார்த்த காலம் முழுக்க நான் இலையின் பச்சையைப் பார்த்ததே இல்லை. பச்சையின் மேல் உட்கார்ந்திருக்கும் கறுப்பைத்தான் பார்த்தேன். தலைப்பை நானே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான் ரெஜினா. அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இந்தத் தீவுக்கு வந்து படகு பழுது பார்த்தவர். நான் மெயின்லேண்டில் தாவரவியல் முடித்துவிட்டுத் திரும்பி வந்து, போர்ட் பிளேயரிலேயே தாவர ஆய்வு அலுவலகத்தில் வேலையில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தில் கற்றுக்கொண்டது இரண்டு விஷயம். லென்ஸைச் சேலைத் தலைப்பால் துடைக்கக் கூடாது. ஈரத்தில் எதையும் வைக்கக் கூடாது. இரண்டாவதை இந்த ஊரில் யாரும் கடைப்பிடிக்க முடியாது. பூஞ்சையைப் பார்ப்பதற்காக வாங்கிய நுண்ணோக்கியின் கண்ணாடியையே வேறொரு பூஞ்சை தின்றது. அதனால் நுண்ணோக்கியை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, கூடவே எரிகிற பல்பையும் வைத்து மூடுவோம். குஞ்சு பொரிக்கப் போகிறதா என்று பியூன் தினமும் கேட்பார்.

பின்னால் ஒரு சண்டை வரப்போகிறது. அது புரிய வேண்டுமென்றால் அந்தக் கறுப்பு என்ன என்று இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். பொறுமையில்லாதவர்கள் இங்கேயே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

இலையில் வரும் கறுப்பு இரண்டு விதம். பூச்சிகள் விடும் இனிப்பு நீரின்மேல் வளரும் கரிப்பூஞ்சை ஒன்று. ஈரத்துணியால் துடைத்தால் அடுப்புக் கரி மாதிரி வந்துவிடும். மற்றது எங்கள் ஆள். வெல்வெட் துணியில் வட்டம் வெட்டி ஒட்டியது போல இலைமேல் இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் வராது. அதன் உடம்பு பழுப்பு இழைகள். இழையின் ஓரத்தில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் கால்கள். ஒவ்வொரு காலுக்கும் இரண்டே அறை, அடியில் ஒன்று, தலையாக ஒன்று. அந்தத் தலையின் அடியிலிருந்து ஓர் ஊசி இலைத்தோலுக்குள் இறங்கி உறிஞ்சும். அதனால்தான் பிடி விடாது. இலையைக் கொல்லவும் கொல்லாது. தட்டில் வைத்து வளர்க்கலாம் என்றால் வளராது. தனக்கு உரிய மரத்தை விட்டால் செத்துப்போகும். காய் என்று கறுப்பு உருண்டைகள் இருக்கும். அதற்குள் விதைத்தூள். ஒவ்வொரு தூளும் ஐந்து கணு வைத்த கம்பளிப்பூச்சி மாதிரி.

இந்தக் குடும்பத்தை வகை பிரிப்பது முடியை வைத்து. இழையிலேயே விறைப்பான முடி நின்றால் அது மெலியோலா. எங்கேயும் முடி இல்லாமல் மொட்டையாக இருந்தால் ஆஸ்டெரிடியெல்லா. இழை மொட்டை, காயில் மட்டும் முடி என்றால் ஐரெனாப்சிஸ். காயில் புழுப் புழுவாகத் தொங்கினால் அப்பெண்டிகுலெல்லா. காய் உருண்டையாக இல்லாமல், யாரோ அதன்மேல் உட்கார்ந்துவிட்டுப் போனது மாதிரி சப்பையாக இருந்தால் அமேசோனியா. இது போக, காலின் அமைப்பு, முடியின் வகை, தூளின் நீள அகலம் எல்லாவற்றையும் எட்டு எண்ணாக மாற்றி, நடுவில் ஒரு புள்ளி வைத்து எழுத வேண்டும். டெலிபோன் எண் மாதிரிதான். ஒரு இலக்கம் தப்பினால் வேறு வீட்டில் மணி அடிக்கும்.

எங்கள் பிரிவுத் தலைவர் டாக்டர் தணிகாசலம். கும்பகோணத்துக்காரர். நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், இனி நான் சொல்லப்போவதில் அது தெரியாது.

அவருக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. 'இருக்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம். 'பார்க்கலாம்' என்றால் பார்க்கமாட்டார். 'செஞ்சிடலாம்' என்றால் நான் செய்ய வேண்டும். எங்கள் நுண்ணோக்கிக்கு இரண்டு கண்குழல். அவர் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் பார்ப்பார். காலியாக இருக்கும் மற்றக் குழலைக் காட்டி, நீங்க அதுல பாருங்க என்று என்னைக் கூப்பிடுவார். இரண்டு பேரும் நெற்றியில் முட்டிக்கொள்வோம். எந்த ஸ்லைடைக் கொடுத்தாலும் அது என்ன என்று நான் வாயைத் திறக்கக் கூடாது. "சொல்லாதீங்க ரெஜினாம்மா, என் கண்ணைக் கெடுக்காதீங்க" என்பார். தானே பார்த்து, தானே சொல்வார். ஒரே ஸ்லைடை மூன்று முறை பார்ப்பார், ஒவ்வொரு முறைக்கும் நடுவில் டீ. அலுவலகத்தில் பாதி பேர் அவரைச் சோம்பேறி என்று நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. டீ அதிகம் என்று மட்டும் நினைத்தேன்.

இலையைக் கொண்டுவந்தால் போதாது, மரத்தின் பூவோ காயோ வேண்டும் என்பார். மரம் எது என்று தெரியாமல் பூஞ்சைக்குப் பெயர் வைக்க முடியாது. அதில் அவர் சொன்னது சரி. ஒரு முறை நான் மரத்தின் இலை என்று கொண்டுவந்தது அந்த மரத்தில் ஏறிய கொடியின் இலை. வேறு யாராவது என்றால் கத்தியிருப்பார்கள். அவர் அந்தக் கொடியின் பெயரை மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கத்தியிருக்கலாம். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். அந்தத் துண்டுத்தாளிடம் எப்படிக் கத்துவது?

இப்போது நெயில் பாலிஷ். சிரிக்க வேண்டாம், இது உலகம் முழுக்க உள்ள முறை. கறுப்புப் படையை ஊசியால் சுரண்டி எடுத்தால் எல்லாம் பிய்ந்துவிடும். எது எதில் முளைத்தது என்று தெரியாது. அதனால் நிறமில்லாத நெயில் பாலிஷை அந்த வட்டத்தின்மேல் ஒரு சொட்டு விட்டு, தூரிகையால் மெல்லிசாகப் பரப்ப வேண்டும். பிறகு காய வேண்டும். மழைக்காலத்தில் அது லேசில் காயாது. மேசை விளக்கின் அடியில் வைத்துக் காத்திருக்க வேண்டும். ஊதக் கூடாது, ஊதினால் குமிழி வரும். நன்றாகக் காய்ந்ததும் ஓரத்தை பிளேடால் நெம்பினால் மெல்லிய தோலாக உரிந்து வரும். பூஞ்சை மொத்தமும், கால், காய், முடி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, அந்தத் தோலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இலையில் அந்த இடம் கழுவியது போலப் பச்சையாகிவிடும். தோலைக் கண்ணாடியில் வைத்து, பிசின் விட்டு மூடினால் ஸ்லைடு தயார். கையில் நல்ல பழக்கம் இருந்தால் அதைப் போல அழகான வேலை வேறில்லை.

பாலிஷ் வாங்குவது என் பொறுப்பு. நான் நகத்தில் மருதாணிகூட வைக்காதவள். அபர்டீன் பஜாரில் ஃபேன்சி கடைக்காரர் நான் டான்ஸ் ட்ரூப் நடத்துகிறேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். நிறமில்லாதது மட்டும் கேட்கிறாளே, அப்படி என்ன டான்ஸ் என்றும் யோசித்திருப்பார்.

அப்படி இருக்கும்போதுதான் ஆறுமுகம் வந்தார்.

ஆறுமுகம் பெரார்கஞ்சில் நாற்றங்கால் வைத்திருந்தவர். ராமநாதபுரத்து வம்சம், பிறந்தது இங்கே. ஓட்டிக்கொண்டிருந்த ஜீப்பை விற்றுவிட்டு, மனைவி செல்வியும் அவருமாகச் செடி வளர்க்க ஆரம்பித்தார்கள். ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டுக்குக் கடற்கரை ஓரம் நிழல் வேண்டுமாம். இங்கே நாங்கள் பாதாம் என்று சொல்லும் நாட்டு வாதுமை மரத்தின் கன்றுகளை மொத்தமாகக் கேட்டிருந்தார்கள். ஆறுமுகமும் செல்வியும் வேறு எதையும் போடாமல் பாதாமை மட்டுமே வளர்த்தார்கள். படகில் ஏற்ற அனுமதி தர வந்த பயிர்ப் பாதுகாப்பு அதிகாரி இலைகளில் கறுப்பைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். இது என்ன என்று எங்கள் அலுவலகம் எழுதித் தர வேண்டும். தெரிந்த இனம், கெடுதல் இல்லை என்றால் கன்றுகள் போகலாம். என்னவென்றே தெரியாத புதிய நோய் என்றால் இன்னொரு தீவுக்குப் பரவ விடமுடியாது, எரிக்க வேண்டும். அதிகாரி சொன்னதில் தவறில்லை. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆறுமுகம் பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெரியில் ஒரு கன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். இலைகள் எல்லாம் கிழிசல்.

"சோப்பு போட்டுத் தேய்ச்சாச்சு மேடம். சாம்பல் போட்டுத் தேய்ச்சாச்சு. செல்வி டூத் பிரஷ் எடுத்து ஒவ்வொரு இலையா விளக்குனா. இலை கிழியுது, கறுப்பு போவேனாங்குது. இது என்ன சனியன்?"

நல்லது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் செத்திருக்க வேண்டும். தேய்த்துப் போகாதது என்றால் அது எங்கள் ஆள், அதுவும் பாதாமில் நான் பல முறை பார்த்த மொட்டை ஆஸ்டெரிடியெல்லாவாகத்தான் இருக்கும், மரத்தைக் கொல்லாது, பயப்படாதீர்கள் என்றேன். ஸ்லைடு போட்டுப் பார்க்காமல் எழுதித் தர முடியாது. மறுநாள் தம்பி மகளுக்கு மாதா கோவிலில் புதுநன்மைச் சடங்கு. இரண்டு நாள் விடுப்பில் போய்விட்டேன்.

தணிகாசலம் சார் அதற்குள் ஸ்லைடு போட்டுவிட்டார். அவரே தன் கையால் போட்டார். ஆறுமுகம் வாசலில் நிற்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லையாம். நல்ல மனசுதான். ஆனால் நிறமில்லாத பாலிஷ் தீர்ந்திருந்தது. கடல் சரியில்லாமல் கப்பல் தாமதம், பஜாரிலும் சரக்கு இல்லை. கத்தரிக்காயே இல்லாத வாரத்தில் நெயில் பாலிஷுக்கு எங்கே போவது. சார் வீட்டுக்குப் போய், மனைவியின் அலமாரியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து வந்துவிட்டார்.

நான் திரும்பி வந்த அன்று அவர் எனக்காகக் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். அதுவே வழக்கமில்லை. "ஒண்ணும் சொல்லமாட்டேன். பாருங்க" என்றார். பார்த்தேன். இழை இருந்தது, கால்கள் இருந்தன, காய் இருந்தது. கூடவே, பழுப்பாக, நேராக, கூராக, வேலி போட்டது போல முடி.

"மெலியோலா" என்றேன்.

"பாதாம்ல மெலியோலா நம்ம பட்டியல்ல எங்கேயாவது இருக்கா?"

இல்லை. அவர் அதற்குள் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்திருந்தார். புதிய இனம். பெயரும் தயார். மனைவி திலகவதியின் பெயரை லத்தீன் மாதிரி நீட்டி ஒரு தாளில் அழகாக எழுதி வைத்திருந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து வீட்டுக்கு இலையைத் தவிர வேறு எதையும் கொண்டுபோனதில்லை ரெஜினாம்மா என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பயிர்ப் பாதுகாப்பு அதிகாரிக்கும் போன் செய்து, உலகத்துக்கே புதிய இனம் என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டார். அதிகாரி வாழ்த்துச் சொன்னார். செவ்வாய்க்கிழமை கன்றுகளைக் கொளுத்திவிடுகிறோம், உங்களுக்கு மாதிரிக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

செல்வி எனக்குப் போன் செய்தாள். அழவில்லை. அவளுக்கு விஷயம் புரியவில்லை, அவ்வளவுதான்.

"அக்கா, புதுசுன்னா நல்லதுதானே? டீவில காட்டுவாங்கதானே? பின்ன எதுக்குக்கா கொளுத்தணும்?"

பெயர் இருந்தால் படகு, பெயர் இல்லாவிட்டால் தீ என்று சொன்னேன். அப்படின்னா அவர் மறுபடி ஜீப் ஓட்டத்தான் போகணும், அதுவும் அடுத்தவன் ஜீப் என்றாள்.

அந்த ஸ்லைடை நான் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் வந்தால் கண் நன்றாகத் தெரியும். மெலியோலாவின் முடி இழையிலிருந்து கிளம்ப வேண்டும். மரக்கிளையிலிருந்து குச்சி கிளம்புவது மாதிரி, சேருமிடம் தெரிய வேண்டும். இங்கே ஒவ்வொரு முடியின் அடியும் இழைக்குக் கீழே போய் மறைந்தது. எந்த முடிக்கும் பிறந்த இடம் தெரியவில்லை. முடியின் நிறமும் சரியில்லை. உள்ளே வெளிறி, ஓரத்தில் மட்டும் பழுப்பு கட்டியிருந்தது, மெழுகுவத்தியில் மெழுகு வழிந்து நிற்பது மாதிரி. கண்ணாடியை நகர்த்தி, பூஞ்சையே இல்லாத வெறும் இடத்தைப் பார்த்தேன். அந்த வெறும் இடமும் லேசாக டீ நிறம்.

சாரிடம் போய் என்ன பாலிஷ் என்று கேட்டேன். தெளிவானதுதான் என்றார். எந்தக் கடை என்றேன். வீட்டில் இருந்தது என்றார். நிறம் இருந்ததா என்றேன். அவர் தாளில் எழுதியிருந்த பெயரைப் பார்த்துக்கொண்டே, "இருக்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக அவர்களுடைய குவார்ட்டர்ஸுக்குப் போனேன். சார் மீன் வாங்கப் போயிருந்தார். திலகவதி பாம்பூஃப்ளாட்டில் பிறந்து வளர்ந்தவர். பேசினால் தமிழும் இந்தியும் கைகோத்துக்கொண்டு வரும். உட்கார வைத்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. சார் உங்கள் பாலிஷை எடுத்தாரா என்று கேட்டேன்.

"அரே, அவருதானா! ஒரு ஹஃப்தாவா, முழுசா ஒரு வாரமாத் தேடிட்டு இருக்கேன் மேடம். வேலைக்காரியக் கேட்டேன், பக்கத்து வீட்டுல கேட்டேன். அது டீ கலர். ஒரு கோட்டு போட்டா தெரியாது, ரெண்டு கோட்டு போட்டாதான் தெரியும்."

ஒரு கோட்டில் தெரியாது, இரண்டு கோட்டில் தெரியும். நான் வந்த வேலை முடிந்துவிட்டது. பாதாம் மரத்துக்கு இலையிலேயே முடி உண்டு. கண்ணாடி மாதிரி நிறமில்லாத முடி, நேராக, கூராக இருக்கும். கொழுந்தில் நிறைய, முற்றிய இலையில் நரம்போரம் மட்டும். பாலிஷ் போட்டால் அந்த முடியைச் சுற்றித்தான் தேங்கும், இரண்டு கோட்டு மூன்று கோட்டு கனத்துக்கு. உரிக்கும்போது பூஞ்சையோடு சேர்ந்து அதுவும் வந்துவிடும். மரத்தின் முடிக்கு இவர் பழுப்புச் சாயம் அடித்து, பூஞ்சையின் தலையில் நட்டு வைத்திருக்கிறார்.

கிளம்ப எழுந்தேன். திலகவதி விடவில்லை. சார் தன் மனைவி பெயரையே ஒரு புது ஜாதிக்கு வைக்கப்போகிறார், அது எனக்குத் தெரியுமா என்று வெட்கத்தோடு கேட்டார். தெரியும் என்றேன்.

"என்ன கலர் மேடம் அது? கேட்டா மரத்துல வளருதுன்னு மட்டும் சொல்றாரு. நான் ஆர்க்கிட்னு பக்கத்துல எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

எனக்கு மழுப்பத் தெரியாது. கறுப்பு என்றேன். வெல்வெட் மாதிரி, முடி வைத்தது, பூ இல்லை, இலையில் வரும் பூஞ்சணம் என்றேன். அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். ஊறுகாய் ஜாடியைத்தான் நினைத்திருக்க வேண்டும்.

"பூஞ்சணத்துக்கா என் பேரு?"

விஷயத்தைச் சொன்னேன். அது புதியது இல்லை என்று நான் நினைப்பதையும், செவ்வாய்க்கிழமை தீ வைக்கப் போவதையும். அவர் உள்ளே போய் இரண்டு குப்பிகளோடு வந்தார். ஒன்று அதே டீ நிறத்தில் இன்னொரு குப்பி, திறக்காமல் வைத்திருந்தது. மற்றது மேல்பூச்சாகப் போடும் நிறமில்லாத பாலிஷ், முழுக் குப்பி. "வெச்சுக்குங்க மேடம். எப்படியாவது அது பழசுன்னு ப்ரூவ் பண்ணிடுங்க" என்றார். ஆராய்ச்சிக்கு இவ்வளவு மனமார்ந்த உதவியை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

திங்கள் காலை சார் வருவதற்குள் இரண்டு ஸ்லைடு போட்டேன். முதலாவது, பூஞ்சை ஒரு பொட்டுக்கூட இல்லாத சுத்தமான பாதாம் கொழுந்து, டீ நிறப் பாலிஷ். இரண்டாவது, கறுப்பு வட்டம், நிறமில்லாத பாலிஷ். முதல் ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்துவிட்டு நின்றேன். சார் வந்தார், இடது கண்ணை மூடினார்.

"சொல்லாதீங்க" என்றார். நான் எதற்குச் சொல்லப்போகிறேன். "ஆகா. முடியப் பாருங்க. அதே மெலியோலா." கண்ணாடியை நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார். "இழை எங்க?"

"இல்ல சார்."

"காய்?"

"அதுவும் இல்ல."

"பூஞ்சையே இல்லாம முடி மட்டும் எப்படி..."

இடது கண்ணிலிருந்து கையை எடுத்தார். அத்தனை வருஷத்தில் அன்றுதான் இரண்டு கண்ணாலும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் இரண்டாவது ஸ்லைடை வைத்தேன். பழுப்பு இழை, குட்டிக் கால்கள், உருண்டைக் காய். நடுவில் அங்கங்கே இலையின் முடி, தண்ணீரில் கிடக்கும் கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல். இழை சுத்த மொட்டை. சார் டீ கேட்கவில்லை. என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நிறமில்லாத குப்பியை வாங்கிக்கொண்டு, தானே மூன்று இலையில் தடவி, தானே காயவைத்து, தானே உரித்துப் பார்த்தார். மழை பெய்துகொண்டிருந்தது. பாலிஷ் காயாமல் உயிரை வாங்கியது. நான் தாழ்வாரத்தில் நின்று கடிகாரத்தையும் மழையையும் திட்டிக்கொண்டிருந்தேன். மதியத்துக்குமேல் கதவைத் திறந்தார்.

"இல்ல ரெஜினாம்மா. முடி இல்ல" என்றார்.

அந்த 'இல்ல'வை எடுத்துக்கொண்டு நான் போனிடம் ஓடினேன். அவர் என்னை நிறுத்தி, போனைத் தானே எடுத்து அதிகாரியிடம் பேசினார். ஆஸ்டெரிடியெல்லா, இந்தத் தீவுகளில் எங்கும் இருப்பது, மரத்தைக் கொல்லாது, ஹேவ்லாக்கிலும் ஏற்கெனவே இருக்கிறது என்றார். முதலில் சொன்னது தவறு என்றார். பாலிஷ் என்று மட்டும் சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பெயர் எழுதிய தாளை எடுத்து மடித்தார்.

"அச்சுல வந்திருந்தா மெயின்லேண்ட்ல எவனாவது ரெண்டு பக்கத்துக்குக் கிழிச்சிருப்பான். நல்ல வேளை. இப்ப வீட்ல எப்படிச் சொல்றது? அவ ரொம்ப ஆசையா இருக்கா."

"கவலைப்படாதீங்க சார், அவங்க தாங்கிக்குவாங்க" என்றேன். அன்று நான் பேசியதில் நாசூக்கானது அது ஒன்றுதான்.

அந்த வார இறுதியில் கன்றுகள் ஹேவ்லாக் படகில் ஏறின. மறுபடி யாராவது வந்து இலையைப் பார்த்து நிறுத்திவிட்டால் பேச ஆள் வேண்டும் என்று ஆறுமுகம் என்னையும் ஜெட்டிக்கு வரச் சொல்லியிருந்தார். செல்வி கன்றுகளை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தாள். ஆறுமுகம் என் பக்கத்தில் வந்து நின்றார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். முகத்தில் என்னவோ குறை.

"அப்ப நம்ம தோட்டத்துல இருக்கிறது புதுசு இல்லையா மேடம்?"

"இல்ல."

"ராம்நாட்டுல மாமாவுக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்லிட்டேன். உலகத்துலயே மொதல்லன்னு. செடி போகட்டும், அது சரி. செடி போனப்புறம் அதுக்கு ஒரு பேரு வெச்சா என்ன? சார் வெக்கப் பார்த்த திலகாம்மா பேரு வேணாம். பெரார்கஞ்ச்னாவது வெக்கலாமே."

இரண்டு வாரத்துக்கு முன்னால் சனியன் என்று சொன்ன மனுஷன். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இது உங்க தாத்தா கப்பல் ஏறி வர்றதுக்கு முன்னாடியே இந்த இலையில உட்கார்ந்திருந்தது ஆறுமுகம். எங்க அப்பாவுக்கும் முன்னாடி. இங்க புதுசா வந்தது நாமதான். அதுக்குப் பேரு வைக்க நாம யாரு?" என்றேன்.

திட்டிவிட்டேனோ என்று பார்த்தேன். அப்போது ரிசார்ட்டிலிருந்து வந்திருந்த மேனேஜர் ஒரு கன்றைத் தூக்கி, இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, யே காலா க்யா ஹை, இது என்ன கறுப்பு என்று முகத்தைச் சுளித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆறுமுகம் அவரிடம் போய்விட்டார். நெஞ்சை நிமிர்த்தி, அந்தத் தீவு முழுக்க தன் பேரில் பட்டா இருப்பது போல நின்றுகொண்டு சொன்னார்:

"டர்னே கா நஹி, சாப், பயப்பட ஒண்ணுமில்ல. இது நோய் கிடையாது. இந்த ஊரோட ஒரிஜினல். மேரே தாதா ஸே பீ புரானா, எங்க தாத்தாவுக்கும் முன்னாடி. கன்னோட சேர்ந்து சும்மாதான் வருது, இதுக்குத் தனி ரேட் கிடையாது."